கர்ப்பகால ஆபத்தை முன்கூட்டியே அறியும் ஆராய்ச்சியில் நம் பெண்களின் பங்கு



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பிரசவம் சார்ந்தவை எப்போதும் இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்குபேட்டர் செலவு, திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்த செலவு, சர்க்கரை கட்டுப்படாமல் தாயும் சேயும் பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்த செலவு என்று அவை வருகின்றன. பணத்துக்கு எப்படியாவது ஏற்பாடு செய்துவிடுகிறோம். ஆனால் மனுவோடு வரும் பெரியவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இருப்பதில்லை: "இது முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே கர்ப்பகாலச் சிக்கல்களை முன்கூட்டியே கண்டறியும் மருத்துவ ஆராய்ச்சி. அது நம் சென்னையிலும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதில் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன இடம், என்ன உரிமை, என்ன பொறுப்பு என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

செக்கப்புக்குப் போகும்போது ரத்தம் எடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் சிகிச்சையின் பகுதி. அவை அந்தத் தாயின் நலனுக்காகவே செய்யப்படுகின்றன. ஆராய்ச்சியின் நோக்கம் இன்னும் விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை காண்பது. அதற்காகக் கூடுதலாக ஒரு குழாய் ரத்தம், கூடுதலாக ஒரு ஸ்கேன், சில கேள்விகள், பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துண்டு எனக் கேட்பார்கள். அதன் பலன் அந்தத் தாய்க்கே கிடைக்கலாம். கிடைக்காமல், பின்னால் வரும் தாய்மாருக்குக் கிடைக்கலாம். இந்த வேறுபாட்டை அறிந்தபின்தான் ஒருவர் சம்மதமோ மறுப்போ சொல்ல முடியும்.

நம் குடும்பங்களில் இரண்டு விதமான நடத்தையைப் பார்க்கிறோம். 'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும், "எங்க பொண்ணு என்ன எலியா?" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடுவது ஒன்று. டாக்டர் நீட்டிய தாள் என்பதற்காக வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவது மற்றொன்று. இரண்டிலும் அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் ஊர் வரலாற்றிலிருந்தே காட்டலாம்.

ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர்

கர்ப்ப காலத்தில் மட்டும் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடிவிடுகிறது. இதைக் கர்ப்பகால நீரிழிவு என்பார்கள். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறலாம், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும். பிற்காலத்தில் அந்தத் தாய்க்கு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

இதைக் கண்டறிய முன்பு வகுக்கப்பட்டிருந்த முறை, இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்து, காலையில் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் குடித்து, மறுபடியும் ரத்தம் கொடுப்பது. வாந்தியும் மயக்கமும் உள்ள ஒரு கர்ப்பிணி வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று இதைச் செய்ய வேண்டும். முதல் முறை செக்கப்புக்கு வந்தவரை, "நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் பலர் வருவதில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை உருவாக்கிய டாக்டர் வி. சேஷையாவும் அவரது குழுவினரும் இந்தச் சிரமத்தையே ஆராய்ச்சியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது அவர்கள் வகுத்த முறை. அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும்.

இந்தக் குழுவினர் தமிழ்நாட்டில் நகரம், நகரை ஒட்டிய பகுதி, கிராமம் ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம், நகரை ஒட்டிய பகுதியில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்த நீரிழிவு இருந்தது. நகரத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு! நம் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய வழிகாட்டுதலிலும் இந்த ஒற்றைச் சோதனை முறையே இடம் பெற்றது. முதல் செக்கப்பில் ஒரு முறையும், அதில் இல்லை என்று வந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் செய்ய வேண்டும் என்பது விதி. டாக்டர் சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் மருமகளுக்குக் கொடுக்கும் அந்த ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீருக்குப் பின்னால், முன்பின் தெரியாத 12,056 தாய்மார்கள் இரண்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து கொடுத்த ரத்தம் இருக்கிறது.

மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு

இந்தச் சோதனையை எல்லா மருத்துவர்களும் ஒரே மாதிரி ஏற்கவில்லை. கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் டாக்டர் வி. மோகனும் அவரது குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே பெண்ணுக்கு முதலில் சாப்பிட்ட நிலையில் ஒரு சோதனை, சில நாள் கழித்து வெறும் வயிற்றில் மறு சோதனை. வெறும் வயிற்றில் கண்டறியப்படும் பலரைச் சாப்பிட்ட நிலையில் செய்யும் சோதனை தவறவிட்டுவிடுகிறது என்று 2014-இல் அவர்கள் எழுதினார்கள். சோதனைக்கே வராமல் போகிறவர்களை எந்தச் சோதனையும் கண்டுபிடிக்காது என்பது மறுதரப்பின் வாதம்.

ஃபிக்ஹ் சட்டங்களில் இமாம்களின் கருத்து வேறுபாடுகளைப் படித்த நமக்கு இது புதிதல்ல. இரு தரப்பும் தாயின் நலத்தையே நாடுகின்றன. ஆகவே உங்கள் மருத்துவமனை எந்த முறையைச் சொல்கிறதோ அதைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். மருத்துவர்களின் வாதத்தைக் காரணம் காட்டிச் சோதனையையே விட்டுவிடக் கூடாது.

இதே ஃபவுண்டேஷன் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஸ்ட்ரைட்' என்ற ஆய்வை நடத்தியது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே யாருக்கு நீரிழிவு வரக்கூடும் என்று அறிய முடியுமா என்பது அதன் கேள்வி. இந்தியா, கென்யா ஆகிய இரு நாடுகளிலும் தாய்மார்கள் இதில் சேர்ந்தார்கள்.

நம்மவர் இல்லாத கணக்கு

ஸ்கேனில் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, "இத்தனை வாரம்" என்று சொல்கிறார்கள். இந்தக் கணக்குக்குப் பல காலமாகப் பயன்படும் சூத்திரம் மேலை நாட்டுத் தாய்மார்களின் அளவுகளை வைத்து உருவாக்கப்பட்டது. நம் நாட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி அதே போல் இருக்க வேண்டும் என்பதில்லை. வாரக் கணக்கு தவறினால் குறைமாதப் பிள்ளையை நிறைமாதம் என்றும், நிறைமாதப் பிள்ளையை வளர்ச்சி குன்றியது என்றும் எண்ணிவிட நேரும்.

2015 முதல் அரியானா மாநிலம் குருகிராம் அரசு மருத்துவமனையில் 'கர்பிணி' என்ற ஆய்வு நடந்து வருகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் இந்த ஆய்வில் கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்து பிரசவத்துக்குப் பின்வரை தொடர்ந்து கவனிக்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் ஸ்கேன் அளவுகளைக் கொண்டு, அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஃபரிதாபாத் நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகளோடு சேர்ந்து இந்தியருக்கென ஒரு புதிய கணக்கு முறையை உருவாக்கினார்கள். பழைய சூத்திரம் 7 நாள் வரை தவறக்கூடிய இடத்தில் புதியது அரை நாள் அளவே தவறுகிறது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். தென்னிந்தியத் தாய்மார்கள் அடங்கிய தனிக் குழுவிலும் அதைச் சரிபார்த்தார்கள்.

ஆராய்ச்சியில் யார் இருக்கிறார்களோ அவர்களின் உடலுக்கு ஏற்றபடிதான் விடை வரும். நம் பெண்கள் ஒதுங்கி நின்றால் நம் வீட்டுக் கேள்விகளும் ஒதுங்கிவிடும். ரமளானில் நோன்பு வைக்கும் கர்ப்பிணியின் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது, ஸஹருக்கு என்ன சாப்பிட்டால் நல்லது, எந்த நிலையில் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்ய வேண்டும் என்பவை நம் சமையலறையில் எழும் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு ஆலிம்கள் பதில் சொல்லவும் மருத்துவர் தரும் தகவல் வேண்டும். அந்தத் தகவல் நம் பெண்களிடமிருந்துதான் கிடைக்க வேண்டும்.

கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் பாடம்

திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். ஆண் மருத்துவர்களிடம் போக மறுத்து, கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் வீட்டிலேயே பிரசவித்து மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-இல் அது தொடங்கியது. அந்தப் பெண்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், அவர்கள் வரக்கூடிய விதமாக மருத்துவமனையை அமைத்தார்கள். அவர்களும் வந்தார்கள்.

ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். "ஸ்கேன் எடுப்பவர் பெண்ணாக இருப்பாரா?", "ஜும்ஆ நேரத்தில் என்னை அழைத்து வர ஆள் இல்லை, வேறு நேரம் கிடைக்குமா?", "நஞ்சுக்கொடியை அடக்கம் செய்வது எங்கள் வீட்டு வழக்கம், மீதியைத் திருப்பித் தருவீர்களா?" என்றெல்லாம் கேட்பதை அடம் என்று எண்ண வேண்டாம். இப்படிச் சொன்னால்தான் ஆய்வு நடத்துகிறவர்கள் தங்கள் ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ள முடியும்.

மூன்று படிகளில் பங்கு

முதல் படி, ஆய்வில் சேர்ந்து ரத்தமும் தகவலும் கொடுப்பது.

இரண்டாம் படி, அனுபவத்தைச் சொல்வது. எந்த அறிகுறி முதலில் தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், ஏன் தாமதமானது என்பதை ஒரு தாய் மட்டுமே சொல்ல முடியும். கால் வீக்கத்தையும் விடாத தலைவலியையும், "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று எத்தனை வீடுகளில் தள்ளிவிடுகிறோம்! அது ரத்த அழுத்த ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

மூன்றாம் படி, எதை ஆராய வேண்டும், எப்படி ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் உட்காருவது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற அமைப்பு, தாய்மார்களையும் மருத்துவர்களையும் சமமாக உட்காரவைத்து, எந்தக் கேள்விகளை முதலில் ஆராய வேண்டும் என்று பட்டியலிடச் செய்கிறது. குறைமாதப் பிரசவம் பற்றிய பட்டியல் 2014-இல் வெளியானது. நீரிழிவும் கர்ப்பமும் பற்றிப் பின்னர் வந்த பட்டியலின் முதல் பத்துக் கேள்விகளில், கர்ப்பிணிக்கு நீரிழிவைக் கண்டறியச் சிறந்த சோதனை எது என்பதும் ஒன்று. நம் ஊர் மருத்துவர்கள் வாதிட்ட அதே கேள்வி!

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆராய்ச்சியை நெறிமுறைக் குழு ஒன்று பரிசீலித்து அனுமதிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி அமையும் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத பொதுமக்களில் ஒருவரும், ஒரு பெண்ணும், சட்டம் அறிந்தவர் ஒருவரும் இடம்பெற வேண்டும். சமூக ஆய்வாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மார்க்க அறிஞர் போன்றவர்களுக்கும் இடம் உண்டு. நம் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், வழக்கறிஞர்கள், ஆலிம்கள், ஆலிமாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பொறுப்புக்கு முன்வர வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தம் மருமகள் கையெழுத்திட்ட ஒரு தாளை எங்களிடம் கொண்டுவந்தார். முழுவதும் ஆங்கிலம். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் யாரும் விளக்கவில்லை என்றார். வாசித்துப் பார்த்தோம். கூடுதலாகச் சிறிது ரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். ஆபத்தான விஷயம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். பதில்கள் கிடைத்தபின் மன நிம்மதியோடு ஆய்வில் தொடர்ந்தார். அந்தக் கேள்விகளை இங்கே தருகிறோம்:

1. இது என் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?
2. வழக்கமான செக்கப்பைவிடக் கூடுதலாக என்ன செய்வீர்கள்? எத்தனை முறை வர வேண்டும்?
3. எனக்கும் குழந்தைக்கும் என்ன ஆபத்து இருக்கலாம்? பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?
4. சோதனையில் ஏதாவது தெரிந்தால் எனக்கு உடனே சொல்வீர்களா?
5. என் ரத்தத்தையும் தகவலையும் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவீர்களா? என் பெயர் வெளியே தெரியுமா?
6. இடையில் விலகினால் என் சிகிச்சை பாதிக்குமா?
7. நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? சந்தேகம் வந்தால் யாரை அழைக்க வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், கர்ப்பிணிகளைக் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவர்களாகக் கருதுகின்றன. புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், எழுதப் படிக்கத் தெரியாதவர் நடுநிலைச் சாட்சி முன்னிலையில் கைநாட்டு வைப்பதும், படிவத்தின் நகலைப் பெறுவதும், எந்த நேரத்திலும் விலகுவதும் உங்கள் உரிமை. மறுத்தாலும் விலகினாலும் வழக்கமான சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதை ஆராய்ச்சி ஸ்கேனிலும் சொல்லக் கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நீங்களும் கேட்காதீர்கள்.

குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள்

கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட் மாவட்டங்களில் கர்ப்பகால ரத்த அழுத்த ஆபத்தை வீட்டிலேயே கண்டறியும் 'கிளிப்' என்ற ஆய்வு நடந்தது. ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கர்ப்பிணிகளிடம் மட்டுமின்றிக் கணவர்கள், மாமியார்கள், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரிடமும் கூடிப் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பதை வீட்டில் முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தாம் என்பதே காரணம். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த அந்த ஆய்வுகளில் எதிர்பார்த்த அளவுக்கு ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. எல்லா ஆராய்ச்சியும் வெற்றியில் முடிவதில்லை என்பதையும் ஆய்வில் சேருகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் மஷூரா செய்வது நல்லது. நெறிமுறைகளும் அதற்கு இடம் தருகின்றன. "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று படிவத்தை வாங்கிவர எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆனால் ஊசி அவள் கையில்தான் ஏறுகிறது, பிள்ளை அவள் வயிற்றில்தான் இருக்கிறது. கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும். அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சேர விரும்பினால் தடுக்காதீர்கள். செக்கப் நாளில் கூடவே போய் இரண்டு மணி நேரம் காத்திருப்பதும் கணவரின் பொறுப்புதான்.

ஒப்புதல் படிவத்தை வாசித்து விளக்க உதவி தேவைப்படும் குடும்பங்கள் நம் அலுவலகத்தை அணுகலாம். பெண்களுக்குப் பெண் தன்னார்வலர் ஒருவரே விளக்குவார். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். நாங்கள் செய்வது வாசிக்கும் உதவி மட்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் குடும்பத்தில் கடைசியாக நடந்த பிரசவத்தில், ஆபத்தின் அறிகுறியை முதலில் கவனித்தவர் யார்? அவர் சொன்னதைக் கேட்டோமா?
2. நம் வீட்டுக் கர்ப்பிணிக்குச் சர்க்கரைச் சோதனை இரண்டு முறையும் நடந்ததா? தேதி ரமளானில் வந்தால் என்ன செய்யப் போகிறோம்?
3. மருத்துவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பிய கேள்வி எது?

மூன்றாம் கேள்விக்கு உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லும் பதிலை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம். அவற்றைத் தொகுத்து, நம் பகுதியில் தாய்மார் நல ஆய்வு செய்யும் மருத்துவர்களிடம் நேரில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் தாய்மார்களுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண நலத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்